புலிமியாவுக்கு தெரபி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (கோவை / தமிழ்நாடு)

மழைக்காகிதம்

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதுவதற்காகவே புதுக் கணக்கு தொடங்கினேன், பழைய பெயரில் எழுதினால் சமையல் பகுதியில் இருக்கிற பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரிந்துவிடும். வயது 26, கோவையில் ஐடி வேலை, பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்கியிருக்கிறேன்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அக்கா கல்யாணத்துக்கு ஒரு டயட் ஆரம்பித்தேன். கல்யாணம் முடிந்தது, டயட் மட்டும் வேறு உருவத்தில் தங்கிவிட்டது. பகல் முழுக்க டீ, தண்ணீர், கொஞ்சம் வெள்ளரிக்காய். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கை நிற்காது. ருசிகூடத் தெரியாது, அடுத்தது அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும், நிறுத்தணும் என்று மண்டைக்குள் கத்திக்கொண்டேதான் சாப்பிடுவேன். முடிந்ததும் பயம், அருவருப்பு, அப்புறம் வாந்தி. காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஒன்றுமே சாப்பிடக்கூடாது என்று ஒரு சபதம். இதே சுற்றுதான் இத்தனை வருடமாக.

பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடை சாதாரணம். ஊருக்குப் போனால் "நல்லா சாப்பிடுறா, உடம்புலதான் ஒட்டலை" என்று பாட்டி பெருமைப்படுவார். ஒரு பொது மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லியும் பார்த்தேன், அசிடிட்டி மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" என்றார்.

இதற்கு உண்மையிலேயே வேலை செய்கிற தெரபி நம்ம ஊரில் கிடைக்குமா? வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? அட்மிட் ஆகச் சொல்வார்களா? ரொம்ப நாளாக இந்தக் கேள்விகளோடுதான் இருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

இழை திறந்தே இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: எடை, கலோரி எண்கள், "நான் இப்படித்தான் செய்வேன்" என்ற செய்முறை விவரம் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் அந்தப் பகுதி நீக்கப்படும். இதே பிரச்சினையில் இருக்கிறவர்கள் படிப்பார்கள், அந்த எண்கள் அவர்களுக்கு ஒரு போட்டியாக மாறிவிடும்.

கரிசல்காட்டான்

தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வியாதி. வயிறு நிறையக் கிடைக்கிற இடத்தில்தான் இப்படி வரும். எங்க காலத்தில் சோறு கிடைப்பதே பெரிசு. வாயைக் கட்டு, காலையில் ஒரு மணி நேரம் யோகா பண்ணு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பாட்டை விட்டுவிடு, ஒரு மாசத்தில் சரியாகிவிடும்.

இரும்படி

அண்ணே, "ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடாதே" என்று நீங்கள் சொன்னது இருக்கே, அதே சட்டத்தைப் போட்டுத்தான் நான் இதில் மாட்டினேன். நான் ஆண், வயது 31, திருப்பூர். வாந்தி எடுத்தது கிடையாது. ராத்திரி கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவேன், மறுநாள் அதைக் "கழிக்க" ஜிம்மில் கிடப்பேன், காய்ச்சலோடு போயிருக்கிறேன், முழங்கால் வீங்கி நடக்க முடியாமலும் போயிருக்கிறேன். ஜிம்மில் எல்லாரும் டெடிகேஷன் என்று பாராட்டினார்கள். ஒரு சைக்காலஜிஸ்ட்தான் உட்காரவைத்து இதுவும் புலிமியாவுக்குள்ளேயே வரும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது பொண்ணுங்க வியாதி இல்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நடுநிசிக்காப்பி

நான் சென்னையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இங்கே யாரையும் நேரில் பார்க்காமல் நோய் இது என்று முடிவு சொல்ல முடியாது, பொதுவாகத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இரும்படி சொன்னது சரி. கட்டுப்பாடு கையை விட்டுப்போய் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது ஒன்று, சாப்பிட்டதை ஈடுகட்ட ஏதாவது செய்வது இரண்டு. வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, வெறித்தனமான உடற்பயிற்சி, எல்லாம் இந்த இரண்டாவதில் வரும். இது சராசரியாக வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதம் நடந்து, தன்னைப் பற்றிய மதிப்பு முழுக்க எடையிலும் உருவத்திலும் போய் நின்றால் புலிமியா என்று கணக்கு. 2013க்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்திருந்தார்கள், அதைக் குறைத்தார்கள். ஆகவே "எனக்கு அவ்வளவு மோசமில்லை, தெரபிக்குப் போகிற அளவுக்கு இல்லை" என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். எடை சாதாரணமாக இருப்பதுதான் புலிமியாவில் வழக்கம், அதனால்தான் வீட்டிலும் தெரிவதில்லை, மருத்துவருக்கும் தெரிவதில்லை.

இந்த நோய்க்கு மருத்துவ உலகில் பெயர் கிடைத்தே ரொம்ப நாள் ஆகவில்லை. லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979ல் 30 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரைதான் தொடக்கம். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் இதற்கென்றே ஒரு சிகிச்சை முறையை வடிவமைத்தார். சிபிடி என்றால் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை. இன்றைக்கு உண்ணும் கோளாறுகளுக்கென்று சிபிடி-இ என்று சொல்கிறோமே, அது அந்த வழியில் வந்தது.

கரிசல் அண்ணாவுக்கு: வெள்ளைக்காரன் வியாதி என்பதற்கு ஃபிஜியைப் பாருங்கள். பூசினாற்போல் இருந்தால்தான் அழகு என்று நினைத்த சமூகம் அது. அங்கே ஒரு பகுதிக்கு 1995ல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போது பள்ளிக்கூடப் பெண்களிடம் கேட்டபோது எடைக்காக வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998ல் மறுபடி கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்று வருடம்தான். நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது போன், தொலைக்காட்சியைவிடப் பக்கத்தில்.

இனி மழைக்காகிதத்துக்கு. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வாந்தி இல்லை, பகல்தான். பகல் பட்டினி என்பது வட்டிக்கு வாங்கின கடன், ராத்திரி முதலும் வட்டியுமாக வசூல் பண்ணிவிடும். மனஉறுதி இல்லாததால் ராத்திரி தோற்றுப்போவதாக நினைக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே இந்த தெரபியில் முதலில் கை வைப்பது வாந்தியில் இல்லை, சாப்பாட்டு நேரத்தில். மூன்று வேளை, நடுவில் இரண்டு மூன்று சிறுதீனி, எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டாமல். பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலையில் இட்லி. இதைக் கேட்டதும் எல்லாரும் பயந்துபோவார்கள். அந்தப் பயத்தோடு உட்கார்ந்து வேலை செய்வதற்குத்தான் தெரபிஸ்ட்.

மழைக்காகிதம்

படித்துவிட்டு அழுதேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: மூன்று வேளையும் சாப்பிட்டு, மேலே சிறுதீனியும் சாப்பிட்டால் ஊதிவிட மாட்டேனா?

நடுநிசிக்காப்பி

எல்லாருடைய முதல் கேள்வியும் இதுதான். இந்த சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலானோருக்கு எடை பெரிதாக மாறுவதில்லை, ராத்திரிச் சாப்பாடு குறைந்துபோவதால். வாந்தி எடுத்தால் எல்லாம் வெளியே போய்விடுகிறது என்பது உண்மையில்லை, கணிசமான பகுதி உள்ளேயே தங்கிவிடும். பேதி மாத்திரை போக்குவது பெரும்பாலும் தண்ணீரையும் உப்பையும்தான், சாப்பாட்டின் சத்து அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். உடம்புக்குக் கெடுதல் மட்டும் மிச்சம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் நிறுத்தின புதிதில் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், கால் வீங்கும், வயிறு உப்பும். அது கொழுப்பு இல்லை, நாளாவட்டத்தில் வடிந்துவிடும். இது தெரியாமல் "பார்த்தியா, ஏறிடுச்சு" என்று பயந்து பழையபடி திரும்பியவர்கள் நிறைய. தெரபியில் வாரத்துக்கு ஒரு முறை, தெரபிஸ்ட் முன்னால் மட்டும் எடை பார்ப்பது இதற்காகவும்தான். பிஜியில் எடை மெஷின் வைத்திருந்தால் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பல்லாண்டு

(பல் டாக்டர், பெயரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள்.)

எங்கள் நாற்காலியில்தான் இது பல நேரம் முதலில் தெரியும். மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும், வயிற்று அமிலம் எனாமலைக் கரைத்துவிடும். வாந்தி வந்த உடனே பிரஷ் எடுக்காதீர்கள், மிருதுவாகிப்போன எனாமலை நீங்களே தேய்த்து எடுப்பதாகிவிடும். வெறும் தண்ணீரில், முடிந்தால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்ட தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், ஃப்ளோரைடு வைத்துப் பாதுகாக்க வழி இருக்கிறது.

இன்னொன்று. காதுக்கு முன்னால் தாடை ஓரமாக இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி இதனால் வீங்கும். கண்ணாடியில் பார்த்துவிட்டு முகம் குண்டாகிவிட்டது என்று இன்னும் பட்டினி கிடக்கிறார்கள். வாந்தி நின்றால் அந்த வீக்கமும் மெல்ல வடியும்.

கரிசல்காட்டான்

சரி, யோகா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே?

இரும்படி

அண்ணே, எனக்கு சைக்காலஜிஸ்ட் முதலில் நிறுத்தச் சொன்னதே உடற்பயிற்சியைத்தான் :)

தேம்ஸ்கரை

நான் லண்டன், சொந்த இடம் யாழ்ப்பாணம். பிள்ளை, உன்ரை பதிவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

1995 நவம்பரில் டயானா பிபிசியில் பேட்டி கொடுத்து, தனக்குப் புலிமியா இருந்தது என்று சொன்ன இரவு எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா "அரண்மனையில் இருக்கிறவைக்கு வேறென்ன வேலை" என்று சொன்னா. எனக்கு அப்போது 15 வயது, அப்போதே தொடங்கிவிட்டது, பக்கத்தில்தான் இருந்தேன். அதன்பிறகு எப்படிச் சொல்லுறது? சரியான வெட்கம். படிப்பு, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் இதோடுதான் நடந்தது. சிகிச்சைக்குப் போனது நாற்பது தாண்டித்தான். பிந்திப் போனாலும் மாறும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

இங்கே ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) கதைத்தேன். அவ என்னை மேலும் கீழும் பார்க்காமல் நேராக இரத்தப் பரிசோதனைக்கு எழுதினா. இங்கிலாந்தில் 2017ல் வந்த நைஸ் (சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கிற அரசு அமைப்பு) வழிகாட்டியின்படி பெரியவர்களுக்கு முதலில் கொடுப்பது வழிகாட்டலோடு கூடிய சுயஉதவி: ஒரு பயிற்சிப் புத்தகம், அதோடு ஒருவர் இருபது நிமிடம் போல அவ்வப்போது கதைப்பார். நாலு கிழமையில் அது உதவாவிட்டால் தனியாள் சிபிடி, 20 கிழமைக்குள் 20 அமர்வு வரை. எனக்குப் புத்தகம் சரிவரவில்லை, அடுத்ததுக்கு அனுப்பினார்கள், காத்திருப்புப் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. பீட் என்ற தொண்டு அமைப்பு அந்த இடைவெளியில் துணையாக இருந்தது.

தெரபிஸ்ட் வெள்ளைக்காரப் பெண். புட்டும் சம்பலும் எவ்வளவு சாப்பிட்டால் ஒரு நேரச் சாப்பாடு என்று அவவுக்கு விளங்கப்படுத்த ஒரு அமர்வே போய்விட்டது. ஆனால் ஒன்று கேட்டா, இப்பவும் மனதில் நிற்குது: "உங்கள் உறவினர் வீட்டு விசேஷத்தில் உங்களைப் பற்றிச் சொல்லப்படுகிற முதல் வசனம் என்ன?" எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "மெலிஞ்சிட்டாய்" அல்லது "கொழுத்திட்டாய்". வேறொன்றும் யாரும் சொன்னதே இல்லை.

இலங்கையில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: 1926 தேசிய மனநல உதவி எண், தமிழிலும் கதைக்கலாம்.

சாளரம்

தேம்ஸ்கரை அக்கா, அந்தக் கடைசி வரி. ஊரில் ரவிக்கை தைக்கிற அக்காவிலிருந்து பெண் பார்க்க வந்த மாமி வரைக்கும் அதே வசனம்தான்.

நான் கேட்க வந்தது வேறு. நான் முஸ்லிம், ரமலான் வந்தால் எனக்கு நிலைமை இரண்டு மடங்கு மோசமாகிறது. பகலில் நோன்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, இஃப்தாருக்கு அப்புறம் கட்டுப்படுத்த முடியாது. நோன்பை விட்டால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். தெரபியில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

நடுநிசிக்காப்பி

சாளரம், உங்களைப் போலவே சஷ்டி, சனிக்கிழமை, ஏகாதசி என்று அடுத்தடுத்து விரதம் இருக்கிற பெண்களையும் பார்க்கிறேன். பக்தி எங்கே முடிகிறது, பட்டினி எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாமல் கலந்துபோயிருக்கும். சிகிச்சை நடக்கும்போது நீண்ட இடைவெளி விட்டுச் சாப்பிடுவது நோய்க்குத் தீனி போடுவதுதான், அதனால் அந்தக் காலத்துக்கு விரதத்தை நிறுத்திவைக்கச் சொல்வோம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது, பிறகு ஈடுசெய்யவும் வழி சொல்லியிருக்கிறது, உங்களுக்கே தெரியும். இங்கே சிக்கல், மனசில் இருப்பதை வீட்டில் நோயாக ஏற்றுக்கொள்வார்களா என்பதுதான். பொட்டாசியம் குறைவு, மயக்கம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அந்த இடத்தில் உதவும். பொய்யில்லை, அதுவும் இந்த நோயின் பகுதிதான். நீங்கள் நம்புகிற ஒரு ஆலிமிடம் பேச முடிந்தால் அதுவும் நல்லது, நான் பார்த்தவரைக்கும் பலர் நாம் பயப்படுகிற மாதிரி பேசுவதில்லை.

இந்த இழையில் எல்லாரும் கவனிக்க வேண்டியது: அடிக்கடி வாந்தியோ பேதி மாத்திரையோ இருந்தால் தெரபிக்குக் காத்திருக்காமல் இரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள், கூடவே ஒரு ஈசிஜி. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதுவரை வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். மயங்கி விழுவது, நெஞ்சு படபடப்பு, கைகால் துவண்டுபோவது, வாந்தியில் இரத்தம், இதில் ஏதாவது வந்தால் கேஷுவால்டி. காலை வரைக்கும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மழைக்காகிதம்

சரி, டெஸ்ட் எடுக்கிறேன். ஆனால் யாரிடம் போவது என்பதுதான் குழப்பம். இன்ஸ்டாவில் தேடினால் "ஃபுட் ஃப்ரீடம் கோச்" என்று பத்துப் பேர் வருகிறார்கள், ஒரு பேக்கேஜ் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

நடுநிசிக்காப்பி

கோச் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், ஆர்சிஐ நம்பர் என்ன என்று கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகவே வேண்டாம். முதல் போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: உண்ணும் கோளாறுகளுக்கு சிபிடி செய்திருக்கிறீர்களா, சாப்பாட்டுப் பதிவேடு எழுதச் சொல்வீர்களா? "முதலில் உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசுவோம், சாப்பாடு தானாகச் சரியாகும்" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கில் 70 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2014ல் வெளியானது. ஒரு குழுவுக்கு இரண்டு வருடம், வாராவாரம் மனப்பகுப்பாய்வு வழி சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு ஐந்து மாதத்தில் 20 அமர்வு சிபிடி. ஐந்தாவது மாத முடிவில் அளவுமீறிச் சாப்பிடுவதும் வாந்தியும் முற்றிலும் நின்றவர்கள் சிபிடி குழுவில் 42 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். இரண்டு வருடம் முடிந்து பார்த்தபோதும் 44க்கு 15. இன்னும் சொன்னால் அந்த ஆய்வை நடத்தியவர்களே மனப்பகுப்பாய்வுப் பக்கம் இருந்தவர்கள்தான், முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்கு ஒரு சலாம் போட வேண்டும்.

44 என்றால் பாதிக்கும் கீழே என்பதையும் பார்த்திருப்பீர்கள். முழுசாக நிற்காதவர்களிலும் பலருக்கு நன்றாகக் குறைகிறது. சிபிடி ஒத்துவராதவர்களுக்கு உறவுகளை மையமாக வைத்த ஐபிடி என்று ஒரு முறை இருக்கிறது, மெதுவாக வேலை செய்யும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சிபிடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மருந்தும் உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டின், இந்த நோய்க்கு வழக்கமாக 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்குத் தொடங்குகிற அளவைவிட அதிகம். இதை மனநல மருத்துவர்தான் எழுத வேண்டும், மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரை இல்லை. வேறு மருந்து எழுதும்போதும் புலிமியா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். புப்ரோப்பியான் என்று ஒன்று இருக்கிறது, இந்த நோய் உள்ளவர்களுக்கு அதனால் வலிப்பு வரலாம், கொடுக்கவே கூடாது.

இடம் என்றால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம், செலவில்லை. எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ரொம்பச் சிக்கலான நிலை என்றால் வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ். எதுவும் புரியவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள்.

வீட்டுக்குச் சொல்வார்களா என்று கேட்டீர்கள். உங்களுக்கு 18 தாண்டிவிட்டது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை. உயிருக்கு ஆபத்து என்ற மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை முதல் நாளே தெரபிஸ்ட் விளக்க வேண்டும். அட்மிஷன் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

இரட்டைச்சடை_அம்மா

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. என் மகள் ப்ளஸ் டூ. அலமாரியில் துணிக்கு அடியில் பிஸ்கட் கவர்கள், சாப்பிட்ட உடனே பாத்ரூம், தண்ணீர் திறந்துவிட்ட சத்தம். கேட்டால் சண்டை. அவள் அப்பா பிரிட்ஜைப் பூட்டச் சொல்கிறார். மாமியார் "படிப்பு டென்ஷன்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

நடுநிசிக்காப்பி

அம்மா, பிரிட்ஜைப் பூட்டாதீர்கள், பாத்ரூம் வாசலில் காவலும் வேண்டாம். பூட்டினால் ஒளித்துச் சாப்பிடுவது கூடும், வேறொன்றும் நடக்காது. இந்த வயதுக்குக் குடும்பத்தையே சிகிச்சையில் சேர்க்கிற முறை இருக்கிறது, ஆறு மாதத்தில் 18 முதல் 20 அமர்வு போல வரும். அதில் பெற்றோரைக் குற்றவாளியாக உட்காரவைப்பதில்லை, சாப்பாட்டு நேரத்தை ஒழுங்குபடுத்துகிற கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். முதலில் மகளுக்கு அந்த இரத்தப் பரிசோதனை.

தேம்ஸ்கரை

அக்கா, எனக்கும் ஒரு மகள் இருக்கிறா. சாப்பாட்டு மேசையில் வைத்து இந்தக் கதையை எடுக்க வேண்டாம். காரில் போகும்போது, நடக்கப் போகும்போது, முகத்தை நேரே பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் கதையுங்கோ. வீட்டில் ஒருத்தரும் ஒருத்தற்றை உடம்பைப் பற்றியும் ஒரு வசனமும் சொல்லுறதில்லை என்று ஒரு சட்டம் போடுங்கோ, மாமியாருக்கும் சேர்த்து. மாமியாருக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும்.

கரிசல்காட்டான்

மாமியாரை விடு, எங்க வீட்டில் நானே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என் பேத்தியைப் பார்த்தால் முதல் பேச்சே "என்ன இப்படித் துரும்பா ஆகிட்டே". அதுகூடவா தப்பு? பாசத்தில் சொல்வது.

சாளரம்

பாசம்தான் தாத்தா. ஆனால் அதைக் கேட்டு அவள் மனசில் "அடுத்த தடவையும் தாத்தா இதையே சொல்லணும்" என்று ஓடலாம். எனக்கு அப்படித்தான் ஓடியது. பரீட்சை எப்படி, நாய்க்குட்டி எப்படி என்று கேளுங்களேன்.

மழைக்காகிதம்

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், எல்லாரும் தனிமடலில் கேட்டிருந்தீர்கள்.

டெஸ்டில் பொட்டாசியம் கொஞ்சம் குறைவு, ஈசிஜி சரியாக இருந்தது. அரசு மருத்துவமனையில் ஓபி வரிசை பயங்கரம், பாதி நாள் லீவு போட வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த டாக்டர் நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார், கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. மருந்து தொடங்கியிருக்கிறார். வாராவாரம் வேலை நாளில் போக முடியாததால் தெரபிக்கு ஆர்சிஐ பதிவு உள்ள ஒருவரை ஆன்லைனில் பிடித்திருக்கிறேன். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை.

பதிவேடு எழுதுவது எரிச்சலான வேலை. சாப்பிடும்போதே எழுத வேண்டும், நேரம், இடம், என்ன, அப்போது மனசில் என்ன ஓடியது. போனில் அலுவலகக் குறிப்பு மாதிரி எழுதுகிறேன், யாரும் சந்தேகப்படவில்லை. எழுதினதைப் பார்த்துத்தான் தெரிந்தது, ராத்திரி மோசமாகப் போன எல்லா நாளிலும் மதியச் சாப்பாடு இல்லை. மேனேஜர் திட்டிய நாளில்கூட மதியம் சாப்பிட்டிருந்தால் ராத்திரி தப்பித்திருக்கிறேன். இது தெரபிஸ்ட் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பதினோரு மணி டீயும் பன்னும்தான் எனக்குப் பெரிய மலை. பன்னைப் பார்த்தால் இன்னமும் பயம் வருகிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், போன வாரம்கூட நடந்தது. முன்பெல்லாம் ஒரு தடவை நடந்தால் அந்த வாரமே போச்சு என்று விட்டுவிடுவேன், இப்போது அடுத்த வேளைச் சாப்பாட்டை விடக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டேன், அழுதுகொண்டேதான்.

இரும்படி

அந்த இட்லி எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிற எங்களுக்குத் தெரியும். நல்லா வந்துகொண்டிருக்கிறாய், தங்கச்சி.

இரட்டைச்சடை_அம்மா

மழைக்காகிதம், ஒன்று கேட்கலாமா? நீ ப்ளஸ் டூ படிக்கும்போது உன் அம்மா என்ன சொல்லியிருந்தால் நீ பேசியிருப்பாய்?

மழைக்காகிதம்

எனக்கு ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான் ஆன்ட்டி, ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். "நீ வாந்தி எடுக்கிறாயா" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். "இப்படிக் கஷ்டப்படுகிற பிள்ளைகள் நிறைய இருக்காங்களாம், இதுக்கு டாக்டர் இருக்காங்களாம், உனக்குத் தோணினா நான் கூட வர்றேன், அப்பாவுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பதில் எதிர்பார்க்காமல் போயிருந்தால் ஒருவேளை ரெண்டு நாள் கழித்து வந்திருப்பேன். முக்கியமாக அந்த "அப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன்".

சாளரம்

கடைசியாக ஒரு காசு விஷயம். ஆன்லைன் தெரபிக்குக் கம்பெனி இன்சூரன்ஸில் கிடைக்குமா? எச்ஆரிடம் கேட்டால் காரணம் கேட்பார்களே.

நடுநிசிக்காப்பி

உடல் நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பல பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தருகின்றன, புறநோயாளிச் செலவு தனியாகச் சேர்த்திருந்தால்தான் தெரபி கட்டணம் வரும். எச்ஆரிடம் போக வேண்டியதில்லை, காப்பீட்டு அட்டையில் இருக்கிற டிபிஏ (காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளுகிற நிறுவனம்) எண்ணுக்குப் போன் செய்து "ஓபிடி கவர் இருக்கா, அதில் மனநல ஆலோசனை வருமா" என்று மட்டும் கேளுங்கள். என்ன நோய் என்று சொல்ல வேண்டிய அவசியம் அந்தக் கட்டத்தில் இல்லை. ரசீதில் தெரபிஸ்டின் ஆர்சிஐ எண் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.